நோய் தீர்க்குமா முத்திரிக் கிணற்றுத் தண்ணீர்?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போகும் வழியில், தென்னையும் பனையும் நெருங்கி நிற்கும் மணற்பாங்கான ஊர் சாமித்தோப்பு. அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி இருப்பது இங்கேதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பதிக்குள் போய்விடுவதில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் முத்திரிக் கிணற்றுக்குப் போகிறார்கள். வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். ஒரு கை அள்ளிக் குடிக்கிறார்கள். ஈரம் சொட்டச் சொட்டப் பதியைப் பார்த்து நடக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வீட்டில் யாருக்காவது மேலுக்குச் சுகமில்லை என்றால் கொடுக்கலாமே என்றுதான்!

கைக்குழந்தைக்காரிகளுக்கு இங்கே ஒரு தர்மசங்கடம் வரும். மாமியார் சொல்லுவார்: "மக்களே, பிள்ளைக்கு ஒரு மடக்கு குடு. வயித்துக்கு ஒண்ணும் வராது. நாங்க எல்லாம் இதைக் குடிச்சுத்தானே வளந்தோம்." மருமகள் தயங்குவாள்: "அதில்ல அத்தே... ஆறு மாசம் ஆவட்டும், தண்ணியே குடுக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவளே..." இருவரில் யார் சொல்வது சரி? இருவருமே சரி என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தத் தண்ணீர் நோய் தீர்த்த தண்ணீர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது எந்த விதத்தில் தீர்த்தது என்று தெரிந்துகொண்டால்தான், இன்று அந்தப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பது விளங்கும்.

குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது!

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடப்பது இன்று நமக்கு ஒரு விஷயமே இல்லை. பெண்ணின் இடுப்பு வளைவே குடத்துக்காக ஏற்பட்டது போலத்தான் இருக்கிறது! ஆனால் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் குலப் பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது. குடத்தைத் தலையில்தான் சுமக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் குற்றம். தங்க நகை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பசுவின் பால் கறக்கக் கூடாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது. இன்னும் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளுக்கு இதைவிடவும் மோசம். இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வேறு!

கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத ஒருத்தி. தலையில் குடம், கையில் குழந்தை, போட்டுக்கொள்ள மேலாடை இல்லை. மேல்சாதிக்காரர்களின் நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளியைப் போட முடியாது. எங்கேயோ குட்டையிலும் ஓடையிலும் மோந்து வர வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுக்கடுப்பும் சொறிசிரங்கும் வருவதற்கு வேறு காரணம் வேண்டுமா? வந்தால் என்ன செய்வார்கள்? பேய் பிடித்துவிட்டது என்று மந்திரவாதியிடம் ஓடுவார்கள். கோழி, கிடா என்று பலி கேட்பான். வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்வார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் வைகுண்டர் வந்தார். 1809-ம் ஆண்டு பிறந்தவர். அப்போது சாமித்தோப்புக்குப் பூவண்டன் தோப்பு என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். அது மேல்சாதிக்காரர்களுக்குப் பிடிக்காததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது. பெயர் வைத்துக்கொள்ளக்கூட அனுமதி வேண்டிய காலம் அது! கடும் நோயோடு திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குப் போன அவர், 1833-ல் அங்கே கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அய்யா வழி மக்களின் நம்பிக்கை. பேய்க்கு அஞ்சாதே, பலி கொடுக்காதே, மந்திரவாதியிடம் போகாதே என்று சொன்னார். நோயோடு வந்தவர்களுக்கு அவர் கொடுத்தது இரண்டே இரண்டு - மண்ணும் தண்ணீரும். இதற்குக் கூலியும் கிடையாது, காணிக்கையும் கிடையாது.

அவர் காலத்தில் எல்லோருக்குமாக ஏற்பட்டதுதான் முத்திரிக் கிணறு. எந்தச் சாதியாரும் வரலாம், ஒரே வாளியால் இறைக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் நின்று குளிக்கலாம், அருகிருந்து உண்ணலாம். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். வைகுண்டர் மறைந்தது 1851-ல். அதாவது, கோயில் கதவு திறப்பதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னாலேயே இந்தக் கிணறு திறந்துவிட்டது! அரசாங்கம் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்துப் பார்த்தது. 1839-ல் வெளியே வந்தார். மேலாடை உரிமைக்கான அரசு உத்தரவு, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26-ல்தான் பிறந்தது. அப்போதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை!

மூன்று வேளைக் குளியல்

வைகுண்டர் ஏற்படுத்திய இன்னொரு பழக்கம் நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள் கவனிக்க வேண்டியது. துவையல் தவசு என்று அதற்குப் பெயர். எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் போய்த் தங்கினார்கள் என்று சொல்வார்கள். தினமும் மூன்று வேளை குளிக்க வேண்டும். உடுத்த துணியைத் தாமே துவைக்க வேண்டும். ஒரு வேளை மட்டும் சைவ உணவு. பிறகு ஊர்களுக்குத் திரும்பியபோது, அந்தத் துவைத்து உடுத்தும் பழக்கத்தையும் அவர்கள் கூடவே கொண்டு போனார்கள்.

நோயைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பது அன்று உலகத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ராபர்ட் கோச் என்ற ஜெர்மானிய டாக்டர் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டது 1884-ல்தான். அதற்கெல்லாம் வெகு முன்பே, இங்கே ஏழை எளியவர்கள் தினமும் குளித்தார்கள், துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டார்கள். குளிக்கவும் துவைக்கவும் தாராளமாகத் தண்ணீர் கிடைத்தால் சொறிசிரங்கு, பேன், கண்வலி ஆகியவை குறையும் என்பதை இன்று எந்த டாக்டரும் ஒப்புக்கொள்வார். கையைக் கழுவினால் பேதி குறையும். அம்மையும் அப்பனும் கழுவிய கையோடு சோறு ஊட்டினால் பிள்ளை தேறும். இதற்கு அற்புதம் என்று பெயர் வைத்தாலும் சரி, சுகாதாரம் என்று பெயர் வைத்தாலும் சரி, பலன் ஒன்றுதான்.

இதற்கெல்லாம் மேலே, தலை நிமிர்ந்து நிற்பதும் ஒரு மருந்துதான் என்று எனக்குப் படுகிறது. "நீ தொட்டால் தீட்டு" என்று பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு, பத்துப் பேர் நடுவில் நின்று வாளியைப் பிடிக்கும்போது உடம்பில் தெம்பு வராதா என்ன? இதை அளக்கத் தெர்மாமீட்டர் கிடையாது, அவ்வளவுதான்.

(இதே காலத்தில் இந்த மாவட்டத்தில் இங்கிலீஷ் வைத்தியமும் கால் வைத்தது. நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-ல் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார்கள். ஒருபக்கம் கிணறு, ஒருபக்கம் ஆஸ்பத்திரி. இன்றும் நம் மக்கள் இரண்டுக்கும் போகத்தானே செய்கிறார்கள்?)

தண்ணீரில் என்னதான் இருக்கிறது?

முத்திரிக் கிணறு வெந்நீர் ஊற்று அல்ல. கடலுக்கு அதிக தூரமில்லாத மணல் நிலத்தின் கிணறு. கடற்கரைப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். மழைத்தண்ணீரை மணல் சல்லடை போல உள்ளே வாங்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. அதனால் பூமிக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேலே, பாலின் மேல் ஆடை போல, நல்ல தண்ணீர் நிற்கும். வாளியால் இறைக்கிற வரைக்கும் கவலையில்லை. பெரிய மோட்டாரைப் போட்டு இரவும் பகலும் உறிஞ்சினால் ஆடை தீர்ந்து அடியிலிருக்கிற உப்பு மேலே வந்துவிடும். கடலோர ஊர்களில் "எங்க கெணறு உவந்து போச்சு" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 2004 டிசம்பர் சுனாமியிலும் கரையோரக் கிணறுகள் பல உப்பாகிப் போயின.

தாது உப்புகள் நிறைந்த உண்மையான ஊற்றுகள் வேறு வகை. மழைத்தண்ணீர் பாறை இடுக்குகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பூமியின் சூடு அதிகம். சூடேறிய தண்ணீர் பாறையிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வேறொரு வெடிப்பின் வழியாக மேலே வருகிறது. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் அப்படிப்பட்டவை. மொத்தம் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று அங்குள்ள தமிழர்கள் சொல்வார்கள். இமாசலப் பிரதேசத்தில் மணிகரண் ஊற்றோ, அரிசியை முடிந்து போட்டால் சோறாக வெந்துவிடும் அளவுக்குக் கொதிக்கிறது!

வெதுவெதுப்பான ஊற்றில் உட்கார்ந்தால் மூட்டுவலிக்காரர்களுக்குச் சுகமாக இருப்பது பொய்யல்ல. சூட்டில் தசைகள் இளகும். தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கும். நோய் வேரோடு போய்விடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். வலிக்குக் கொஞ்ச நேர ஆறுதல், அவ்வளவுதான்.

குடித்தால்? அதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில் 1618-ம் ஆண்டு ஒரு மாட்டுக்காரர், தாகத்தோடு வந்த தன் மாடுகள் ஓர் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கவனித்தாராம். தண்ணீர் அத்தனை கசப்பு. ஆனால் புண்ணில் பட்டால் ஆறுகிறது, குடித்தால் வயிறு கழிகிறது என்று பேர் பரவி, கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்புதான் எப்சம் சால்ட். நம் வீட்டுப் பெரியவர்கள் கடையில் "பேதி உப்பு" என்று கேட்டு வாங்குவார்களே, அதே மக்னீசியம் உப்புத்தான்! ஆக, ஊற்றுத் தண்ணீருக்கு வேலை செய்கிற சக்தி உண்டு. ஆனால் அந்த வேலை நமக்கு வேண்டிய வேலைதானா என்பதல்லவா கேள்வி? பேதியாகும் பிள்ளைக்கு மேலும் பேதியைக் கொடுக்கும் தண்ணீர் எதற்கு? (பேதி உப்பை டாக்டர் சொல்லாமல் எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்.)

பூமி கொடுக்கும் தாது எல்லாம் நன்மை என்றும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்கள் பழுப்புத் திட்டாகிப் போகும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அரசாங்கக் கணக்கு. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.

சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியது அல்ல. அதைக் கண்டுபிடிக்க லேபரட்டரிக்குப் போக வேண்டாம், உங்கள் அடுப்பங்கரையே சொல்லிவிடும். பருப்பு வேக நேரமாகும். சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். தொந்தரவு உண்டு, ஆபத்து இல்லை.

தெளிவும் ருசியும் போதுமா?

"கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கு, இளநி மாதிரி ருசிக்குது, இதுல என்ன கேடு இருக்கப் போவுது?" இப்படிக் கேட்காத ஆச்சி நம் பக்கத்தில் உண்டா?

1854-ல் லண்டனில் பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் ஒரு அடிபம்பு இருந்தது. அந்தத் தண்ணீரின் ருசிக்கு நல்ல பேர். அந்தத் தெருவில் முன்பு வசித்து, பிறகு ஹாம்ப்ஸ்டெட் என்ற தூரமான பகுதிக்குக் குடிபோன ஒரு விதவைத் தாய்க்கு, அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. அவருடைய மகன்கள் தினமும் அங்கிருந்து தண்ணீர் பிடித்து வண்டியில் அனுப்பி வைத்தார்கள். அம்மா மேல் அவ்வளவு பிரியம். அந்த ஆகஸ்ட் கடைசியில் அந்த வட்டாரத்தில் காலரா பரவியது. காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட்டில் அந்தத் தாய் காலராவில் இறந்தார். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, நோய் வந்தது அந்தப் பம்புத் தண்ணீரால்தான் என்று கண்டுபிடிக்க இந்தச் சாவும் ஒரு சாட்சியாயிற்று. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

தெளிவு கண்ணுக்கு, ருசி நாக்குக்கு. கிருமி இரண்டுக்கும் அகப்படாது. ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடிக் குளிக்கும் எந்தத் தீர்த்தமானாலும் சரி - இராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களோ, குற்றால அருவியோ, நம் முத்திரிக் கிணறோ - பெரியவர்கள் குளிப்பது வேறு, பச்சைப் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது வேறு. நம்பிக்கை உள்ளவர்கள் பிள்ளையின் தலையில் இரண்டு சொட்டுத் தெளியுங்கள், நெற்றியில் நாமம் இடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? வாயில் மட்டும் வேண்டாம்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வெயில் காலத்திலும்கூட! தாய்ப்பாலில் பெரும் பங்கு தண்ணீர்தான். தாகத்துக்குத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு கொடுக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குமிழி தளதளவென்று வந்தபின் ஒரு நிமிஷமாவது அடுப்பில் விட்டு, மூடி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பானதும் இறக்கிவிடுவது காய்ச்சியது ஆகாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளத்தைத்தான் விருந்தாளிக்கும் கொடுப்பார்கள். அருமையான பழக்கம்! பச்சைத் தண்ணீரையும் கொதித்த தண்ணீரையும் பாதிப் பாதி கலந்து "இளஞ்சூடாக்கி"க் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் காய்ச்சிய பலனே போய்விடும்.

உண்மையிலேயே உயிர் காக்கும் ஒரு தண்ணீர்

பிள்ளைக்குப் பேதி கண்டுவிட்டது. என்ன செய்வது? இதற்குத்தான் ஒரு தண்ணீர் இருக்கிறது. எந்த மலையிலும் ஊறுவதில்லை, உங்கள் அடுக்களையிலேயே ஊறும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போன்காவ் முகாமில் காலரா. ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்து, "குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்தது! நர்ஸும் இல்லை, ஊசியும் இல்லை. கொடுத்தவர்கள் தாய்மார்களும் சகோதரிகளும்தான். அவர் 2022-ல் காலமானார். மறைந்த பிறகு, 2023-ல் பத்மவிபூஷண் கிடைத்தது.

உப்புக்கும் சர்க்கரைக்கும் அப்படி என்ன சக்தி? பேதியாகும்போது குடல், வெறும் தண்ணீரைச் சரியாக உள்ளே இழுத்துக்கொள்ளாது. ஆனால் சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டு வந்தால் குடல் கதவைத் திறந்துவிடும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போய்விடும். அதனால்தான் அளவு முக்கியம்.

கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் முதல் தரம். அது ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று மேலே படித்துப் பார்த்து, முழுப் பாக்கெட்டையும் அந்த அளவுத் தண்ணீரில் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடாதீர்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரி நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததும் நீங்கள் ஒரு வாய் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள். உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லதே. ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு நம் பாட்டிமார் கொடுத்தது அதைத்தானே!

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. பாட்டில் வேண்டாம், கரண்டியால் கொடுங்கள், ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குப் பேதி என்றால் தாய்ப்பாலைக் கொடுத்துக்கொண்டே உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸும் அவர் சொன்னபடிதான். "வயித்தால போவுது, ஒண்ணும் குடுக்காதே, வயிறு காயட்டும்" என்பது பழைய பேச்சு. காய வேண்டியது வயிறு அல்ல! இதோடு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. மருந்துக் கடைகளில் அட்டைப் பெட்டியில் பழ ருசியோடு சில பானங்கள் இருக்கும். பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்று போட்டு விற்றார்கள். பல தாய்மார்கள் அதையே மருந்து என்று நம்பி வாங்கினார்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், பேதியை இன்னும் கூட்டும். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பேதிக்கு வாங்கும்போது பழச்சாறு பெட்டியை விட்டுவிட்டு, பாக்கெட் பொடியாகவே கேளுங்கள்.

கண் குழிந்துபோனால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் கண்டால், பிள்ளை துவண்டு கிடந்து குடிக்க மாட்டேன் என்றால் - மாமியாரையும் கேட்க வேண்டாம், பத்திரிகையையும் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகிற வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

உங்கள் வீட்டுக் கிணறு

நாஞ்சில் நாட்டில் கிணறு இல்லாத வீடு குறைவு. பைப் வந்த பிறகு அதைக் குப்பைத்தொட்டியாக ஆக்கிவிட்டவர்களும் உண்டு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கைப்பிடிச் சுவர் முக்கால் மீட்டர் உயரமாவது இருக்கட்டும். சுற்றிலும் சிமென்ட் தளம், சிந்தும் தண்ணீர் வெளியே ஓடச் சாக்கடை. கக்கூஸ் குழியும் மாட்டுத் தொழுவமும் பதினைந்து மீட்டருக்கு அப்பால். குளிக்கிறதும் துவைக்கிறதும் கிணற்றடியிலேயே வேண்டாம். பெருமழைக்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் கணக்கு. வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறக்கி, நன்றாகக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். ராத்திரியில் போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது சௌகரியம்.

வீட்டுக்கு வரும் கேன் தண்ணீரை எல்லோரும் "மினரல் வாட்டர்" என்கிறோம். அது வெறும் சுத்திகரித்த தண்ணீர்தான், சுத்திகரிக்கும்போது இருந்த தாதுவும் பெரும்பாலும் போய்விடுகிறது. கேனில் சீலும் உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்த கேன் வேண்டாம்.

சாமித்தோப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் பதினோரு நாள் திருவிழா, அப்போது கேட்கவே வேண்டாம். கைக்குழந்தையோடு போவதானால் வேறு நாளில், வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பிள்ளைக்கு மாற்றுத் துணி இரண்டு, துவர்த்த ஒரு துண்டு, ஆறு மாதம் முடிந்திருந்தால் பிளாஸ்க்கில் காய்ச்சிய தண்ணீர். பதியில் சாதி பார்க்க மாட்டார்கள், காணிக்கைத் தட்டு நீட்ட மாட்டார்கள். உள்ளே சிலையும் கிடையாது, ஒரு கண்ணாடிதான் இருக்கும். வாளியைப் பிடிக்கும் முன் பக்கத்தில் நிற்கிற அம்மாளுக்கும் ஒரு வாளி ஊற்றுங்கள், அங்கே அதுதான் வழக்கம்.